நீளச் சொல்லின் மூட்டு

டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மருந்து அலமாரியின் சாவி எங்கே என்று கேட்டேன். ஒரு செவிலி, ஒரு சமையற்காரர், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஆகிய மூவரும் என்னையே பார்த்தார்கள். மறுபடியும் கேட்டேன், இம்முறை உரக்க. உரக்கக் கேட்டால் புரிந்துவிடும் என்று நினைப்பது அயல்நாட்டில் நம்மைப் பிடிக்கும் முதல் நோய்.

டேனிஷ் மொழியில் மருந்து அலமாரிக்கு மெடிசீன்ஸ்கேப் என்று பெயர். மெடிசீன் என்றால் மருந்து, ஸ்கேப் என்றால் அலமாரி. எழுதும்போது நடுவே இடைவெளி கிடையாது, ஒரே சொல். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நான் 'மெடிசீன்ஸ்க்' என்பதை ஒரு மூச்சிலும் 'அப்' என்பதை அடுத்த மூச்சிலுமாகச் சொன்னேன். காரணம் இல்லாமல் இல்லை. மெடிசீன்ஸ்க் என்றும் ஒரு சொல் உண்டு, 'மருத்துவம் சார்ந்த' என்று பொருள். மொழிப்பள்ளியில் அதை முந்தின மாதம்தான் படித்திருந்தேன். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சிய 'அப்' என்னவென்று கவலைப்படவில்லை. இந்த மொழியில் எதுவும் இருக்கலாம் என்ற எண்ணம்.

நடைக்கூடத்தின் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மெடி-சீன். ஸ்கேப். நீ வெட்டிய இடம் தவறு."

அவருக்கு அப்போது 77 வயது. அது 2009ஆம் ஆண்டு. வாழ்நாள் முழுவதும் கோபன்ஹேகனில் அச்சுக் கோப்பவராக இருந்தவர். 'வெட்டுவது' என்று அவர் சொன்னது உவமை அல்ல, தொழில் மொழி. டேனிஷில் ஏறக்குறைய எல்லாரும் எல்லாரையும் ஒருமையில்தான் அழைக்கிறார்கள். நானும் வாயால் அப்படியே அழைத்தேன். மனத்துக்குள் அவர் எனக்கு எப்போதும் 'ஐயா'தான். ஆகவே இங்கே பன்மையில் எழுதுகிறேன்.

1948இல் அவர் தொழில் பழகச் சேர்ந்தார். டேனிஷ் எழுத்துமுறை மாறிய ஆண்டு அது. அதுவரை ஜெர்மன் மொழியைப் போலப் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இரட்டை 'ஏ' எழுதி வந்த இடத்தில் தலையில் வளையம் வைத்த ஒற்றை எழுத்து வந்தது. பழைய அச்செழுத்துப் பெட்டிகளில் அந்த வளைய எழுத்து போதவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு, வரிவரியாக ஈயத்தில் வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் அமர்ந்தார். செய்தித்தாளின் பத்தி குறுகலானது, டேனிஷ் சொல்லோ நீளமானது. வரி நிரம்பும் தறுவாயில் சொல்லை எங்கே உடைத்துக் கோடு போடுவது என்பதை விசைப்பலகையில் இருப்பவர்தான் அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஈயம் வார்த்து வரி விழுந்துவிட்டால் போயிற்று. ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் நாள் முழுவதும் சொற்களின் மூட்டுகளைத் தேடிய மனிதர். அவரிடம் போய் நான் 'மெடிசீன்ஸ்க் அப்' என்றிருக்கிறேன்.

மறுநாள் காலை உணவுத் தட்டைக் கொண்டுபோனபோது குறுக்கெழுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தார். வி, ஐ, என், டி, ஆர், யு, இ. "வெட்டு" என்றார்.

முதல் நான்கு எழுத்துகள் கண்ணைக் கவ்வின. காற்றுக்கு டேனிஷில் அதுதான் சொல். டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையெங்கும் நிற்கும் காற்றாலைகளின் பெயர் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நான்காம் எழுத்துக்குப் பின் கோடு போட்டேன். அவர் தட்டிலிருந்த திராட்சைப் பழம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தச் சொல் வீன்த்ரூஎ. வீன் என்றால் ஒயின், த்ரூஎ என்றால் திராட்சை. மூன்றாம் எழுத்துக்குப் பின் வெட்ட வேண்டும். அந்தப் பழத்தைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் பெயரை ஒருமுறையும் உடைத்துப் பார்க்கவில்லை. காதால் கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது என்றார் அவர். காற்று என்ற சொல்லில் 'டி' எழுத்து ஊமை. உயிரும் குறில், ஏறக்குறைய 'வென்'. ஒயினில் உயிர் நெடில். திராட்சையில் அந்த 'டி' ஊமை அல்ல, பகுதியின் வாசலில் நின்று ஒலிக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் நான்கு எழுத்துகளும் காதுக்கு முற்றிலும் வேறு.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சன்னலுக்கு டேனிஷில் வென்டு. எழுத்தில் பார்த்தால் சன்னல்களுக்கும் திராட்சைகளுக்கும் இடையே ஒரே ஓர் 'ஆர்'தான் வேறுபாடு. சன்னலுக்குள் இருப்பது உண்மையிலேயே காற்றுதான்: பழைய நார்ஸ் மொழியில் அது 'காற்றின் கண்'. ஆங்கிலச் சன்னலும் அதே கண்ணிலிருந்து பிறந்ததுதான். ஆனால் இன்றைய டேனிஷ்காரர் எவரும் அந்த மூட்டை உணர்வதில்லை. இரண்டு சொற்கள் உருகி ஒன்றாகிவிட்டன. மூட்டு இறுகி எலும்பாகிப் போனது என்பார் என் அச்சுக் கோப்பவர்.

எங்கே வெட்டுவது என்பது பாதிக் கதை. எங்கே அழுத்துவது என்பது மறுபாதி. எனக்குக் கடினமாக இருந்தது இதுதான்.

விதி எளியது. இரண்டு சொற்கள் சேர்ந்து ஒன்றானால் முதற்பகுதியின் அழுத்தம் தலைமை அழுத்தமாக நிற்கும். இரண்டாம் பகுதியின் அழுத்தம் ஒரு படி இறங்கித் துணையாகும். முதற்பகுதியின் முதல் அசை என்று நினைத்துவிடக் கூடாது. மெடிசீன் தனியே நிற்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறதோ, அதாவது 'சீன்' மேல், அங்கேயே அலமாரியைச் சேர்த்த பின்னும் விழும். 'ஸ்கேப்' அதன் பின்னால் மெல்ல நடந்து வரும். நட்பு என்ற டேனிஷ் சொல்லின் ஈற்றிலும் இதே ஸ்கேப் வருகிறது. அங்கே அது அலமாரி அன்று, நம் 'மை' விகுதி போன்றது. கொஞ்ச நாள் எனக்கு நட்பு என்றாலே நண்பர்களை அடுக்கி வைத்த அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

விதி தெரிந்தும் வாய் பிழை செய்தது. சரியான அசையைத்தான் அழுத்துகிறேன் என்று நான் சத்தியம் செய்வேன்; இல்லை என்று அவர் தலையசைப்பார். பல வாரங்கள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அழுத்து என்றால் நான் குரலை உயர்த்தினேன். கோபன்ஹேகன் பேச்சில் நடப்பது நேர்மாறு: அழுத்தம் பெற்ற அசை தாழ்வாக இருக்கும், அதை அடுத்து வரும் அழுத்தமற்ற அசையில்தான் குரல் மேலே தாவும், பிறகு படிப்படியாக இறங்கும். நீனா குரென்னும் என்ற ஒலியியல் அறிஞர் இந்த இசையமைப்பைப் பல்லாண்டுகள் அளந்து எழுதியிருக்கிறார். எனக்கோ உயரமான அசைதான் அழுத்தமான அசை என்று காது சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே அவர்கள் பேசும்போதும் ஒரு படி தள்ளியே கேட்டேன், நான் பேசும்போதும் ஒரு படி தள்ளியே ஏறினேன். அழுத்தத்தைப் பள்ளமாக நினைக்கத் தொடங்கிய பிறகுதான் சமையற்காரர் "என்ன?" என்று கேட்பதை நிறுத்தினார்.

நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்பித்தவள். நேர், நிரை என்று ஆயிரம் பாட்டை அலகிட்டிருக்கிறேன். ஆனால் அங்கே கணக்கு குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றுக்கும்தான். அசையை மாற்றி அழுத்தினால் பொருள் மாறும் என்று எந்த இலக்கணமும் எனக்குச் சொன்னதில்லை. டேனிஷில் மாறுகிறது. டான்ஸ்க் என்றால் டேனிஷ், லேரர் என்றால் ஆசிரியர். இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் சம அழுத்தம் கொடுத்துச் சொன்னால் டேனிஷ் நாட்டவரான ஓர் ஆசிரியர். அவர் கணக்குக்கூடக் கற்பிக்கலாம். சேர்த்து, முதலில் அழுத்தி, இரண்டாவதைத் தளர்த்திச் சொன்னால் டேனிஷ் மொழி கற்பிப்பவர். அவர் என்னைப்போல வல்வெட்டித்துறையில் பிறந்தவராகவும் இருக்கலாம். எழுத்தில் ஓர் இடைவெளி, பேச்சில் ஓர் அழுத்தம், வேறொன்றும் இல்லை. இடைவெளியைத் தவறாக விட்டு எழுதுவது டேனிஷ்காரர்களே அடிக்கடி செய்யும் பிழை. ஆட்டுக்குட்டி இறைச்சி என்ற சொல்லை இரண்டாக உடைத்து எழுதினால் 'முடங்கிப்போன இறைச்சி' ஆகிவிடும். கடைப் பலகைகளில் இப்படி ஏதாவது கண்டால் ஐயா அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் வேலையில் சொற்கள் இரண்டு பகுதியோடு நிற்பதில்லை. டேனிஷ் மருத்துவம் கிரேக்க, லத்தீன் பெயர்களை மருத்துவர்களுக்குள் வைத்துக்கொண்டு, மக்களிடம் சொந்தச் சொற்களால் பேசுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த குணம். பெடென்னெல்ஸெ என்றால் அழற்சி. அதன் முன்னால் நுரையீரலைச் சேர்த்தால் நிமோனியா. நடு, காது இரண்டையும் சேர்த்தால் நடுக்காது அழற்சி. டாம் என்றால் குடல். சேர்த்தால் குடல் அழற்சி. குடலுக்கு முன்னால் 'குருட்டு' என்று ஒரு சொல்லை வைத்தால் குடல்வால் அழற்சி. உடம்பின் உறுப்பு தெரிந்தவருக்கு நோயின் பெயரும் தெரியும்.

ஒருநாள் பணி மாற்றத்தின்போது குறிப்பேட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். குடல் அழற்சியில் இரண்டு பகுதிகளும் நேராக ஒட்டியிருக்கின்றன. குடல்வால் அழற்சியில் மட்டும் குடலுக்கும் அழற்சிக்கும் நடுவே ஓர் 'எஸ்' உட்கார்ந்திருக்கிறது. யாரோ தவறி எழுதினார்கள் என்று நினைத்து அதை அடித்துவிட்டேன். மறுநாள் யாரோ அதை மறுபடி எழுதியிருந்தார்கள், கொஞ்சம் பெரிதாகவே.

ஐயாவிடம் கேட்டேன். அவர் ஒயினை வைத்து விளக்கினார். (அவர் எதையும் ஒயினை வைத்தே விளக்குவார்.) ஒயின் கிண்ணம் வீன்க்ளஸ்; நடுவில் எதுவும் இல்லை. சிவப்பு ஒயின் கிண்ணம் என்றால் ரொத்வீன்ஸ்க்ளஸ், 'எஸ்' வந்துவிடுகிறது. ஏன்? சிவப்பு ஒயின் ஏற்கெனவே சேர்ந்து ஒன்றான சொல். அந்தச் சேர்க்கை முடிந்தது, இனி வருவது புதிய பகுதி என்று அந்த 'எஸ்' கைகாட்டி மரம்போல நின்று சொல்கிறது. இராட்சத ஒயின் கிண்ணம் என்று சொல்லிப் பாருங்கள்: இராட்சத அளவு கிண்ணத்துக்கு, ஒயினுக்கு அல்ல. ஆகவே ஒயினுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே 'எஸ்' வராது. விதிக்கு விலக்குகள் ஏராளம் என்று உடனே சேர்த்துக்கொண்டார்; ஆனாலும் இருட்டில் இது நல்ல விளக்கு.

எனக்கு உடனே அது சாரியையாகத் தெரிந்தது. மரம், கிளை சேரும்போது நடுவே 'அத்து' வந்து மரத்துக்கிளை ஆகிறதே, அதுபோல. தனக்கென்று பொருள் இல்லை, இரண்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். வரி முடிவில் உடைக்கும்போது அந்த 'எஸ்' முன்பகுதியோடுதான் போக வேண்டும், அடுத்த வரிக்கு இறங்கக் கூடாது. நம் அத்தும் அப்படித்தானே, மரத்தை விட்டுக் கிளையோடு போகாது.

அழுத்தமும் அதே மூட்டைத்தான் காட்டுகிறது. குருட்டுக்குடல் தனியே நிற்கும்போது குடலுக்கு ஒரு துணையழுத்தம் உண்டு. அழற்சி வந்து சேர்ந்ததும் குடல் தன் பங்கை இழந்துவிடுகிறது. துணையழுத்தம் அழற்சிக்குப் போகிறது. தலைமை ரயில் நிலையம் என்ற டேனிஷ் சொல்லில் கட்டமைப்பு வேறு: 'தலைமை' தனி, 'ரயில் நிலையம்' ஏற்கெனவே இரு சொற்கள் சேர்ந்தது. அங்கே துணையழுத்தம் நடுப்பகுதியில் விழுகிறது. ஆக, மூன்று பகுதிகள் கொண்ட சொல்லில் இரண்டாவது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டால், யார் யாரோடு முதலில் சேர்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும். குடும்பத்தில் பந்தியில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்த்தே உறவைக் கண்டுபிடித்துவிடுவார் என் பாட்டி. அந்த வித்தைதான் இது.

டேனிஷில் இன்னொரு பொருள் மாற்றும் ஒலி இருக்கிறது. அதற்கு ஸ்டொத் என்று பெயர். தொண்டை ஒரு கணம் இறுகி விடுபடும். அவள், நாய் என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே அது மட்டும்தான் வேறுபாடு. பயந்து பயந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 1743இல் இதை முதன்முதலில் விவரித்தவர் யென்ஸ் பெடர்சன் ஹொய்ஸ்கோர். பேராசிரியர் அல்ல, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பணியாளர். மிகச் சிறிய விக்கல் போன்றது என்றார். அறிஞர்கள் நடந்துபோன கூடத்தில் காதைத் திறந்து வைத்திருந்தது அவர்தான் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒயின் என்ற சொல் தனியே நிற்கும்போது அந்த விக்கல் உண்டு. திராட்சைக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டதும் விக்கல் காணாமல் போகிறது. சூரியன் தனியே விக்கும். சூரிய ஒளியில் விக்காது. நிலம் தனியே விக்கும். நிலத்து மனிதன், அதாவது விவசாயி, என்று சொன்னால் நிலம் வழுக்கிப்போகும், மனிதன் மட்டும் விக்குவான். விக்கல் மறைந்தால், 'இன்னும் சொல் முடியவில்லை, பின்னால் ஆள் வருகிறது' என்று பொருள் கொள்ளலாம். எல்லாச் சொல்லிலும் இப்படி நடப்பதில்லை என்பது உண்மை.

இத்தனையும் கற்றுக்கொண்டு, முதலில் அழுத்து, முதலில் அழுத்து என்று வாயைப் பழக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனேன். நகரின் நோரப்ரோ பகுதிக்கு வழி கேட்டேன், முதற்பகுதியை அழகாக அழுத்தி. கேட்டவர் விழித்தார். "ஓ, நோர-ப்ரோ!" என்று இரண்டாம் பகுதியில் அழுத்தினார். வெஸ்டர்ப்ரோ, ஊஸ்டர்ப்ரோ, நோரபோர்ட், ஃப்ரெத்ரிக்ஸ்பேர் எல்லாமே அப்படித்தான். கோபன்ஹேகனின் டேனிஷ் பெயரே வணிகர் துறைமுகம் என்ற கூட்டுச்சொல். அழுத்தம் துறைமுகத்தின் மேல். ஆனால் வெஸ்டர்கேத என்ற தெருப்பெயரில் அழுத்தம் மறுபடி முதலுக்கு வந்துவிடுகிறது. வெஸ்டர் என்றால் மேற்கு; வெஸ்டர்ப்ரோவிலும் இங்கேயும் அதே மேற்குதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையின் பெயரில் அழுத்தம் மாலையின் மேல். ஐம்பதைக் குறிக்கும் ஹல்ட்ரெஸ் என்பது 'இரண்டரை இருபதுகள்' என்ற நீண்ட கூட்டின் சுருக்கம். அதிலும் அழுத்தம் பின்னால். திங்கட்கிழமை கோபத்தோடு வந்து ஐயாவிடம் முறையிட்டேன். "ஊர்ப் பெயர்கள் விதி வருவதற்கு முன்பே குடிவந்தவை" என்றார். மொழியியல்படி அது சரியான விளக்கமா என்பது வேறு. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

குளியல்தான் கடைசிப் பாடம். முதியவர்களைக் குளிப்பாட்டுவது என் அன்றாட வேலை, ஆகவே பேதெ என்ற வினையை நாளுக்குப் பத்து முறை சொல்வேன். எழுத்தில் அதன் நடுவிலிருக்கும் 'டி' மென்மையானது. நாக்கு எங்கும் ஒட்டாமல் தொங்கி நிற்கும் ஒலி. டேனிஷில் அசையின் வாசலில் வரும் 'டி' வன்மையாகவும் அசையின் இறுதியில் வருவது இப்படிக் குழைந்தும் இருக்கும். அப்படியானால் காதின் கணக்கில் அந்த 'டி' முன்னசையைச் சேர்ந்தது. ஆனால் வரி முடிவில் உடைத்தால் எழுத்து விதி அதை அடுத்த வரிக்குத் தள்ளுகிறது: 'பி, ஏ' இங்கே, 'டி, இ' அங்கே. "இது யாருடைய விதி?" என்று கேட்டேன். "கண்ணுடைய விதி" என்றார். யாப்பில் சீருக்காகச் சொல்லைப் பொருள் பாராமல் அறுப்பதை நாங்கள் வகையுளி என்போம் என்று சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

குளியலாடைக்குப் பேதெட்ரக்ட். எழுத்தில் இரண்டு 'டி'. முதலாவது குழைகிறது, இரண்டாவது கணீரென்று ஒலிக்கிறது, ஏனென்றால் அங்கே ஆடை என்ற புதிய பகுதி தொடங்குகிறது. மூட்டு எங்கே என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கோடும் காட்டாது.

நீளச் சொல் என்றதும் எல்லாரும் காட்டும் காட்சிப்பொருள் ஒன்று உண்டு: சிறப்பு மருத்துவர்களின் தொழில் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்று பொருள்படும், 51 எழுத்துகள் கொண்ட ஒரே சொல். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. யாரும் அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்வதில்லை. ஐயா மட்டும் அதை ஒருநாள் முழுவதுமாக எழுதி, பென்சிலால் மூட்டுகளில் கோடு போட்டு, நடுங்கும் கையால் என்னிடம் கொடுத்தார். ஒரு கோடும் தவறவில்லை.

"உன் மொழியில் ஒன்று சொல், நான் வெட்டுகிறேன்" என்றார். நன்னூல் கற்பித்த நாட்களில் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் தாமரை நினைவுக்கு வந்தது. ஒரே சொல்லாக எடுத்தால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவும் மான். எங்கள் மொழியில் அழுத்தத்தால் பொருள் மாறாது, ஆகவே இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்று எச்சரித்துவிட்டு, முதலில் பூவைச் சொன்னேன், பிறகு மானைச் சொன்னேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டாவதைச் சொன்னதும் விரலை உயர்த்தினார். "இங்கே" என்று மேசையில் 'ம' வந்த இடத்தில் தட்டினார். நான் அப்படி அழுத்தவில்லை என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் தட்டினார்.

அன்று இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்க, தாமரை, தாமரை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.